ஆள் நிற்கும் இடத்தில் வெளிச்சம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் நுழைந்த புடவைக்கடை பிற்பகலிலேயே இருண்டு கிடக்கிறது. நான் நிற்கும் அலுமாரிக்கு மேலே மட்டும் ஒரு டியூப்லைட் எரிகிறது. நகர்ந்தால் அது அணைந்து அடுத்தது எரிகிறது. கல்லாவில் இருக்கும் கடைக்கார அக்கா சுவிட்சுகளில் வைத்த கையை எடுப்பதேயில்லை.

"கரண்ட் இல்லையா அக்கா?"

"கரண்ட் இருக்கு தம்பி. பில்தான் கட்டேலாது. நாட்டுக்குக் கடன் தந்த வெளிநாட்டு நிறுவனம்தான் கட்டணத்தைக் கூட்டச் சொன்னதாம்."

மனைவி கேட்டது நீலச் சேலை. கையிலிருப்பது நீலமா கறுப்பா என்று தெரியவில்லை. அக்கா அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரிக்கிறார். நீலம்தான்.

நாடு தேறிவிட்டதாக அதே நிறுவனம் சொல்கிறதே என்கிறேன்.

"ஓம், நானும் கேள்விப்பட்டனான்" என்றபடி, நான் படியிறங்கும் முன்பே கடைசி விளக்கையும் அணைக்கிறார்.