கேட்டது கிடைக்காமல் செலுத்திய பொருத்தனை

எங்கள் அப்பா ஆண்டவர் வீட்டுக்குக் குடிபோய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. மூக்கைச் சிந்திக்கொண்டு இதை எழுத மகளாகிய எனக்கு மனமில்லை. ஜெயித்துப் போன மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது மம்சாபுரத்தில். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, மில்கள் வருமுன்பே இராஜபாளையத்துக்கு வந்து, பஞ்சு மூட்டை வண்டி ஓட்டிப் பிழைத்தார்கள். அப்பாவின் கோபம் பொல்லாதது. ஆனால் ஒருவரையும் ஏமாற்றியதில்லை.

என் அக்காவுக்கு ஏழு வயதில் விஷக்காய்ச்சல் கண்டது. பிள்ளை பிழைத்தால் அறுப்பின் பண்டிகையில் சபையார் கூடி உண்ணும் அசனத்துக்கு ஒரு கிடா தருவதாக அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சபைக் கோவிலில் பொருத்தனை செய்தார்கள். அக்கா பிழைக்கவில்லை. அதன்பின் அந்த ஆண்டுப் பண்டிகை வரை அப்பா வேதத்தைத் திறக்கவுமில்லை, கோவில் வாசலை மிதிக்கவுமில்லை.

பண்டிகையன்று காலையில் கோவிலுக்குக் கொண்டுபோக அப்பா கிடாவை அவிழ்த்ததும் அம்மா மறித்தார்கள்.

“கேட்டதக் குடுக்காதவருக்கு நாம எதுக்குக் குடுக்கணும்?”

“பிள்ளையக் குடுத்தாத்தான் அவரு தெய்வமா, ஏட்டி? இம்புட்டு நாளா நான் அவர்கிட்ட வியாபாரம்லா பேசியிருக்கேன்.”

அம்மா வீட்டுக்குள் போய்விட்டார்கள். வண்டியில் அப்பாவோடு போனவள் நான்தான். கோவிலில் குருவானவரும், “பிள்ளைதான் பிழைக்கலையே, நீங்க இதச் செலுத்த வேண்டியதில்ல” என்றார்.

“ஐயா, வேதத்துல யாக்கோபு ‘சோறும் துணியும் தந்தா நீரு என் தேவன்’னான். நானும் அப்படித்தான் இருந்தேன். ராசா வச்ச சிலையக் கும்பிடாம நெருப்புச் சூளைக்குப் போன மூணு பேரும் ‘காப்பாத்தாட்டாலும் அவருதான் எங்க தெய்வம்’னாவ. இன்னைக்கு நான் அவிய பக்கம் வாரேன்.”

அழுதுகொண்டேதான் அப்பா சொன்னார்கள். ஆனால் அன்று பந்தியில் முதல் பாட்டை எடுத்துக்கொடுத்ததும் அப்பாதான். அப்படி ஒரு சத்தத்தை நான் பிறகு எந்தப் பண்டிகையிலும் கேட்டதில்லை. அம்மா எப்போது நடந்து வந்தார்களோ, பெண்கள் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சென்ற ஆண்டு அப்பா படுக்கையில் விழுந்தபோது, “அப்பாவ எழுப்பி விட்டீரானா...” என்று நான் ஜெபத்தை ஆரம்பித்தேன். அப்பா என் கையைத் தட்டினார்கள்.

“பேரம் பேசாதட்டி. சும்மா ஸ்தோத்திரம் சொல்லு.”

படுக்கையில் அப்பாவைத் தூக்கிப் பணிவிடை செய்த தளவாய்புரம் சித்தப்பாவுக்கும், நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்துத் தெலுங்கு வீட்டு அக்காவுக்கும், அடக்கத்துக்குப் பாடிக்கொண்டே வந்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா எழுந்திருக்கவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.