விரலுக்கு வராத எஃப்

கிட்டார் தொழிலில் முதல் சம்பளம் விரல் நுனிக் கொப்புளம்தான். என்னைப் போல் வாங்கியவர்களுக்குத் தெரியும்.

பால் காய்ச்சும் நேரம்

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்வரப் பயிற்சியெல்லாம் யாருக்கு வேண்டும்? நேரே பாட்டு வாசித்தே கார்டு, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கி எழுப்பும் சுரக்கூட்டு, பழகுவது என்று திருத்தணி வீட்டில் உட்கார்ந்தேன். தங்கையைப் பாடச் சொன்னேன். 'ஜி' கார்டு பிடித்து ஆரம்பித்தால் முதல் வரி பிரமாதம். அடுத்த வரிக்கு 'சி'. நான் ஒவ்வொரு விரலாகத் தூக்கி, கம்பி தேடி வைக்கிறவரை அவள் ஒரே எழுத்தை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டும். மூச்சு முட்டிப்போய் எழுந்துவிட்டாள், பாவம்.

"அண்ணா, நீ விரல மாத்திகினு இரு. நான் போயி பால் காச்சிட்டு வந்துடறேன்."

சண்டாள கார்டு

மூன்று கார்டு வசமானதும் அரக்கோணத்தில் ஒரு மெல்லிசைக் குழு ஓனரிடம் போனேன். அவர் மேடையில் ஒருநாள் வாசித்துவிட வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே கிடையாது. 'எஃப்' பிடிக்கச் சொன்னார். ஆள்காட்டி விரலைப் படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் அமுக்க வேண்டும். நான் அமுக்கினால் தகரத்தைத் தட்டின சத்தம். எஃப் வராத பாட்டு நிறைய தெரியும் சார் என்றேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

"ரிசப்ஷனுக்கு வர்றவன் எஃப் இல்லாத பாட்டா பாத்துக் கேப்பானா?"

அம்மாவின் வேண்டுதல்

மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். ஒரு மழைநாளில் ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசின. ஐயோ, அந்தச் சந்தோஷம்! மறுபடி அரக்கோணம் ஓடினேன். ஓனர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு ரிசப்ஷனுக்கு வரச் சொன்னார்.

வீட்டில் சொன்னதும் அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மகன் மேடையேற வாய்ப்பு வந்தால் உடனே அவனுக்கு மொட்டை போடுவதாக முருகனிடம் வேண்டியிருந்தாளாம். தோள்வரை ஆசையாக வளர்த்த முடி ஐயா! திங்கட்கிழமை போடலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அவரு கேட்டத குடுத்துட்டாரு. நீ வாய்தா கேக்கறியா நைனா?"

மண்டப வாசல்

ஞாயிறு காலை மலைமேல் மொட்டை. சாயங்காலம் தலையில் சந்தனம், தோளில் கிட்டாரோடு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் நின்ற ஓனர் என்னைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எஃப் நல்லா வருது சார்" என்றேன் அவசரமாக.

"எஃப் வாசிக்க எங்கிட்ட ஆளு இருக்குதுப்பா. வீடியோவுல கிட்டார்காரன் மாரி தெரியறதுக்கு, அந்த முடிக்குத்தான் உன்னக் கூப்ட்டேன்."

அன்று பந்தியில் உட்கார்ந்து கண்ணீரோடு பாயசம் குடித்தவன் சொல்கிறேன், சக கொப்புளக்காரர்களே: விரலைப் பழக்குவதற்கு முன், வீட்டில் யார் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.