குளத்தங்கரையில் கட்டிய போர்க்கப்பல்

என் தம்பிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தபோது அவன் மகளுக்குக் கல்யாணம் குறித்தாகிவிட்டது. எங்கள் சபையில் மணப்பெண்ணை அவள் அப்பாதான் கைபிடித்து, ஆலயத்தின் நடுப்பாதை வழியாகப் பீடம்வரை அழைத்து வர வேண்டும். தம்பியோ கட்டிலிலிருந்து குளியலறைவரை போவதற்கே வாக்கரைப் பிடித்துக்கொண்டு உலகத்தில் உள்ள எல்லாரையும் வைதான். நடக்கப் பழக்க வந்த பிசியோதெரபிப் பெண் சில நாளிலேயே நின்றுவிட்டாள். நானாக இருந்தால் முதல் நாளே போயிருப்பேன்.

“பிள்ளய அவ தாய்மாமன் கூட்டிட்டு வரட்டும். நான் முதல் பெஞ்சில இருந்துக்கிடுதேன்” என்றான் ஒருநாள். மகள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. அத்தனை பேர் முன்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவனுக்கு. துபாயில் கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் அந்தரத்தில் தொங்கி வேலை பார்த்தவன், இப்போது தரையைப் பார்த்துப் பயந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அவன் மனைவி பத்திரிகை கொடுக்க ஊர் ஊராகப் போனதால் பகலில் அவனுக்குக் காவல் நான். அவன் நாள் முழுக்க மடிக்கணினியில் கப்பல் கட்டிக்கொண்டிருப்பான். உண்மைக் கப்பல் இல்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் யாரும் கட்டாத, ஆனால் கட்டியிருக்கக்கூடிய போர்க்கப்பல். இதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். நீளம், அகலம், எஞ்சின் வலு என்று எண்களைக் கொடுத்தால் கப்பல் மிதக்குமா, கவிழுமா என்று சொல்கிற ஒரு புரோகிராமும் இருக்கிறது. சீட்டாட்டத்துக்கு இது தேவலை என்று விட்டுவிட்டோம்.

இந்த முறை அவன் கட்டியது ஹெவி குரூசர் என்கிற பெரிய ரகப் போர்க்கப்பல், அதுவும் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு. “குளச்சல்ல டச்சுக்காரன வெரட்டின நாடுக்கா. ஒரு நல்ல கப்பல் வச்சுக்கிட்டா என்ன கொறஞ்சு போச்சு?” என்றான். கொடியில் திருவிதாங்கூர்ச் சின்னமான சங்குகூடப் போட்டிருந்தான். அந்தக் காலத்துப் பெரிய நாடுகள் போட்ட ஒப்பந்தப்படி, இந்த வகைக் கப்பல் பத்தாயிரம் டன்னைத் தாண்டக் கூடாது. பீரங்கி எட்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதற்குள் வேகம், கவசம், பீரங்கி மூன்றையும் அடைக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும். எனக்கு இது புதிதாகவே படவில்லை. நாகர்கோவிலில் வீட்டுப் பிளான் வரைந்தே பிழைத்தவள் நான். நாலு சென்ட் மனையில் மூன்று படுக்கையறையும் கார் விட இடமும் கேட்கிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

அவனுக்குக் கணக்கு வரும், கோடு வராது. அவன் வரைந்து வைத்திருந்த கப்பல் நசுங்கிய பாகற்காய் மாதிரி இருந்தது. “தள்ளுலே, நான் வரையுதேன்” என்று வாங்கிக்கொண்டேன். மேல்தளம், கீழ்த்தளம், மாலுமிகள் படுக்கும் இடம் எல்லாம் வரைந்து மறுநாள் நீட்டினேன். உற்றுப் பார்த்தவன், சமையலறை ஏன் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது என்று கேட்டான்.

“தென்கிழக்கு. அக்னி மூல.”

“எக்கா, கப்பல் திரும்பிச்சுன்னா ஒன் அக்னி மூல எங்க போவும்?”

நாங்கள் வாஸ்து பார்க்கிறவர்கள் இல்லை. ஆனால் முப்பது வருடமாக வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு என் கை தானாகவே அடுப்பை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான். அந்த அவமானத்தை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

பிறகு வேகத்தில் சண்டை வந்தது. கப்பல் வேகத்தை ‘நாட்’ கணக்கில் சொல்வார்கள். முப்பத்திரண்டு நாட் போதும், மிச்ச எடையில் கவசத்தைத் தடிமனாக்கு என்றேன். அவன் முப்பத்தாறு கேட்டான். வேகம் வேண்டுமானால் கப்பல் நீளமாக வேண்டுமாம். “நூத்தித் தொண்ணூறு மீட்டர் வச்சுக்கிடு” என்றான், ஏதோ துணி கிழிக்கச் சொல்வதுபோல.

என் தொழிலில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வரைந்த வீட்டை மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் கோடு போட்டுக் காட்டுவேன். வீட்டுக்காரர் அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்த்துச் சரி சொன்னால்தான் பிளானில் மை ஏற்றுவேன். கப்பலுக்கு மட்டும் என்ன விலக்கு? டேப்பையும் சுண்ணாம்பு வாளியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவன் வீட்டு வாசலிலிருந்தே குளத்தங்கரைப் பாதை நேராகப் போகிறது. வாசலில் கப்பலின் மூக்கு. அப்புறம் முன்பக்கப் பீரங்கி இரண்டு, புகைபோக்கி இரண்டு, பின்பக்கப் பீரங்கி இரண்டு. அகலத்துக்குக் கரை போதாது என்பதால் நடுக்கோடு மட்டும் போட்டேன். குளிக்க வந்த ஒருவர் பதறிப்போய், “ரோட்ட அகலப்படுத்துதாங்களா?” என்று கேட்டார். “இல்ல, கப்பல் கட்டுதோம்” என்றேன். அவர் சோப்பை எடுத்துக்கொண்டு அடுத்த படித்துறைக்குப் போய்விட்டார்.

ஜன்னலிலிருந்து பார்த்த தம்பி கத்தினான். “முதல் பீரங்கிய எங்கக்கா வச்சிருக்க? மூக்குக்கிட்ட வச்சா அல தூக்கி அடிக்காதா?”

“அங்க இருந்து கத்தாத. வந்து காட்டு.”

வாக்கரோடு வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பீரங்கிவரை வந்து, இடத்தைக் காலால் காட்டிவிட்டு, வியர்த்துக் கொட்ட வீட்டுக்குத் திரும்பினான். அந்தத் தவறு நான் தெரியாமல் செய்தது. அடுத்தடுத்து இரண்டாவது பீரங்கியிலும் புகைபோக்கியிலும் வந்த தவறுகளைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. ஒவ்வொன்றையும் திருத்த அவனே வந்தான். புகைபோக்கிவரை வந்த நாளில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறியிருந்தான். பின்பக்கப் பீரங்கிக்கு வந்தபோது கைத்தடியால் என்னை மிரட்டுகிற அளவுக்குத் தேறியிருந்தான். சாயங்காலங்களில் மகளும் கூட வர ஆரம்பித்தாள். முதல் நாள் அவன் தோளைப் பிடித்தபடி நடந்தவள், பிறகு கையைக் கோத்துக்கொண்டாள். யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

ஒருநாள் பின்முனைக்கு வந்து நின்றவன், “ஒரு நாட் கொறையுது. இன்னும் பத்து மீட்டர் நீட்டணும்” என்றான்.

“இதுக்கு மேல நீட்டினா டீக்கடைக்குள்ள போவும்.”

“போவட்டும்” என்றான். கப்பலின் பின்முனை டீக்கடை பெஞ்சில் முடிந்தது. தினமும் அங்கே ஒரு கடுங்காப்பி. புரோகிராமும் கப்பல் மிதக்கும் என்று சொல்லிவிட்டது. என்னிடம் கவசம் மெலிந்ததற்கான வருத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. சொன்னபடி பிளானில் மை ஏற்றிக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று தோவாளைப் பூவின் வாசனை ஆலயம் முழுக்க நிறைந்திருந்தது. நான் முன்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழு பாட்டைத் தொடங்கியதும் எல்லாரும் எழுந்தோம். வாசலில் தம்பி, கோட்டும் சூட்டுமாக. கையில் தடி இல்லை. மகள் அவன் கையைக் கோத்திருந்தாள். எனக்குக் கண் மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் பாதி வழி வந்துவிட்டான். பூப்போடும் பிள்ளைகள் அவனுக்கு இடம் கொடுக்க ஓடினார்கள். மகள் தலையிலிருந்து சரிந்த நெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, “அப்பா, பைய போங்க” என்று சிரிப்பை அடக்கமுடியாமல் கெஞ்சுவது எனக்கே கேட்டது. பாட்டில் இன்னும் இரண்டு சரணம் இருந்தது. அவன் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான். போதகர் பாட்டு முடியட்டும் என்று புத்தகத்தை மூடிக் காத்திருந்தார்.

பெண்ணை ஒப்படைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றவன், குனிந்து காதில் சொன்னான்: “எக்கா, நம்ம முதல் பீரங்கி தூரம்கூட வரல்ல. அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் கையை நறுக்கென்று கிள்ளினேன். “முப்பத்திரண்டு நாட் போதும்னு அன்னைக்கே சொன்னேம்லா!”