அழிய மறுத்த ஐ.சி.

1996-ஆம் வருடம், ஆயுதபூஜை சமயம். திண்டிவனத்தில் ஒரு சின்னப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஸ்டெபிலைசர், பம்புசெட் ஸ்டார்ட்டர் எல்லாம் அங்கே செய்வோம். முதலாளி, ஒரு அண்ணன், நான், மொத்தமே மூன்று பேர்தான். அண்ணன் பத்தாவது தாண்டாதவர். ஆனால் தகரம், மரம், ஒயர் எதைக் கொடுத்தாலும் கச்சிதமாகச் செய்துவிடுவார். நான் டிப்ளமோ. அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, பீரியடுக்குப் பீரியடு தானாகவே அடிக்கும் மணி வேண்டும் என்று ஆர்டர் வந்தது. "மைக்ரோகன்ட்ரோலர்ல பண்ணிடலாம் சார்" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னது நான்தான். முதலாளியும் என்னை நம்பி, தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறக்கும் அன்று மணி அடிக்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"இது மட்டும் சொதப்புச்சுன்னா நீ வூட்டுக்குப் போயிட வேண்டியதுதாம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

உண்மை என்னவென்றால், மைக்ரோகன்ட்ரோலரை அதற்கு முன் நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பாலிடெக்னிக்கில் மைக்ரோபிராசசர் படித்திருந்தேன். அதன் தம்பிதானே இது, சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். தம்பியா அது? பெரியப்பா மாதிரி முறைத்துக்கொண்டு நின்றது. ஒரு விளக்கை எரிய வைக்கவே எனக்கு ஒன்பது நாள் ஆனது. புத்தகமோ, எல்லாம் தெரிந்தவனுக்கு மட்டும் புரியும்படி எழுதப்பட்டிருந்தது. தெரிந்தவன் எதற்குப் புத்தகத்தை வாங்கப் போகிறான்?

முதலாளி வாங்கி வந்தது இரண்டே இரண்டு மைக்ரோகன்ட்ரோலர் ஐ.சி. அந்தக் காலத்து ஐ.சி.யின் முதுகில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். உள்ளே ஏற்றிய புரோகிராம் தப்பாகிவிட்டால், அந்தக் கண்ணாடி வழியாகப் புற ஊதாக் கதிரைக் கொஞ்ச நேரம் பாய்ச்சி அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத முடியும். அதற்கென்று ஒரு டியூப் வாங்கி, அண்ணன் ஒரு மரப்பெட்டி செய்து பொருத்திக் கொடுத்திருந்தார். பூஜைக்கு முன்னால் நான் எத்தனையோ முறை தப்பாக எழுதினேன், அந்தப் பெட்டி அத்தனை முறையும் முகம் சுளிக்காமல் அழித்துக் கொடுத்தது. கடைசியாக எழுதியதில் மணி அடிக்க ஆரம்பித்தது, ஆனால் நிற்கவே இல்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து ஆள் வந்து, "இன்னா பேஜாரு இது, நிறுத்துங்கப்பா!" என்று கத்தினார். தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் பூஜை வந்துவிட்டது. பூஜை முடிந்து மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு ஐ.சி.யையும் பெட்டியில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்து எடுத்துச் சோதித்தால், அழியவில்லை என்றது கம்ப்யூட்டர். ஒரு மணி நேரம் வைத்தேன். அழியவில்லை. மறுநாள் காலையிலிருந்து சாப்பாட்டு நேரம்வரை வைத்தேன். அப்போதும் அழியவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிச் சாலையில் போட்டிருப்பேன், கனமாக இருந்ததால் பிழைத்தது.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி வந்து, "இன்னும் இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கே?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "அண்ணன் பூஜைக்குச் சுத்தம் பண்றேன்னு பெட்டியைப் பிரிச்சாரு சார். அதுலேர்ந்துதான் வேலை செய்யல" என்றேன்.

"துடைச்சுட்டு அப்படியேதாம்மா மாட்டினேன்" என்றார் அண்ணன். முதலாளி கேட்கவில்லை. "தெரியாத சாமான்ல எதுக்குய்யா கை வைக்கிறே?" என்று கண்டபடி திட்டினார். அண்ணன் பெட்டியைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, டியூப் மாட்டும் இடத்தையெல்லாம் புதிதாகச் செய்து திங்கட்கிழமை கொண்டுவந்தார். வைத்துப் பார்த்தோம். அழியவில்லை.

வேறு வழியில்லாமல் இரண்டு ஐ.சி.யையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பாலிடெக்னிக் லேபில் இதே மாதிரி கம்பெனிப் பெட்டி உண்டு. லேபில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் பெட்டியிலும் அழியவில்லை. இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும்?

அவர் ஐ.சி.யை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாங்க இது, சந்தன வாசனை வருது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூஜையன்று, "முக்கியமான சாமானுக்கெல்லாம் பொட்டு வைம்மா" என்று முதலாளி சொன்னார். எங்கள் பட்டறையில் அந்த ஐ.சி.யைவிட முக்கியமான சாமான் வேறு என்ன இருந்தது? பொட்டு வைக்கவே செய்ததுபோல நடுவில் வட்டமாகக் கண்ணாடி வேறு. சந்தனத்தைக் குழைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, பக்தியோடு கும்பிட்டது நான். மறுநாள் துப்பட்டா நுனியால் துடைத்ததும் நான். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த படலம் அந்தக் கதிரை உள்ளே விடவே இல்லை.

அந்தப் பெண் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி பெட்டியில் வைத்தார். இருபது நிமிடம். இரண்டும் துப்புரவாக அழிந்துவிட்டன. அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

மறுநாள் பட்டறையில் புதிய புரோகிராமை ஏற்றினேன். மணி அடித்தது, நின்றது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். நான் விழுப்புரம் போன கதையைக் கேட்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. அண்ணனைப் பார்த்து, "பாத்தியா? நாலு வார்த்த திட்டின பிறகுதான் பெட்டிய ஒழுங்கா பண்ணினே" என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். "ஆமா சார். டியூப் மாட்டுற ஓல்டர் லூசா இருந்திருக்கும் போல. நான் கவனிக்கல."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என் வேலைக்கும் ஆபத்தில்லை, மானமும் போயிருக்காது. அப்படி இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். ஆனால் செய்யாத தப்பை அந்த மனிதர் அவ்வளவு சாதாரணமாக ஏற்றுக்கொண்டதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அழுகையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலாளி வெளியே போய்விட்டார்.

அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். "ஞாயித்துக்கெழம பூரா அந்தப் பெட்டியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேம்மா. ஒண்ணுமே தெரியல. சரி, நமக்கு இனிமே கை ஓடாது போலன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

வேலை தப்பித்தது, தீபாவளி முடிந்து அந்தப் பள்ளியில் மணியும் அடித்தது. அதற்குப் பிறகு நான் செய்த பிழைகளுக்குக் கணக்கே இல்லை, அவற்றையெல்லாம் அழித்து எழுதிவிட்டேன். ஆனால் நன்றாக வேலை தெரிந்த ஒருவரை, ஒரே ஒரு நாளாவது, தன் கையையே நம்ப முடியாமல் உட்கார வைத்தேனே, அது மட்டும் இன்றுவரை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.