மரத்திரியின் காவல்காரி

என் அண்ணிக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. எனக்குச் சொன்னது சித்தப்பா; அவருக்குச் சொன்னது அவருக்கு முடிவெட்டுகிறவர். ஏசி அறையில் மெழுகுவர்த்தி எரியுமாம், அண்ணி பார்த்துக்கொண்டே இருப்பாராம். நாளெல்லாம் நெருப்போடு உட்கார்வது ஒரு வேலையா? விடுமுறையில் வந்ததும் நேரிலேயே போய்விட்டேன்.

மெழுகுவர்த்திப் பட்டறையின் பின்னறை அது. ஏசி இருக்கட்டும், மின்விசிறிகூட இல்லை, சன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். காற்று பட்டால் சுடர் சாய்ந்து, கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் சூடேறிவிடும். நீள மேசை நிறையக் கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றின் மெழுகிலும் நூல் திரிக்குப் பதிலாக ஐஸ் குச்சி போல ஒரு மெல்லிய மரத்தகடு. சுடர் அதன்மேல் கோடாக நின்று, ஈர விறகு போல மெல்லப் படபடத்தது. அத்தனையும் சேர்ந்து படபடத்ததில் வெளியே மழை பிடித்துக்கொண்டதோ என்று நினைத்தேன்.

கடைக்குப் போகும் ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை முதலிலிருந்து முடிவுவரை எரித்துப் பார்ப்பது அண்ணியின் வேலை. ஆறிப்போன ஒரு திரியின் கரியை விரலால் ஒடித்து, நெல்மணி உயரம் மட்டும் மிச்சம் வைத்தார். நீளமாக விட்டால் புகை கக்கும். ஒட்ட நறுக்கினால் மெழுகில் மூழ்கி அணைந்துபோகும். முதல்முறை ஏற்றும்போது மெழுகு விளிம்புவரை உருகாமல் அணைத்துவிட்டால், பிறகு எப்போது ஏற்றினாலும் நடுவில் குழி பறித்துக்கொண்டே போகுமாம்.

"மொத நாள் எவ்வளவு எடம் பிடிக்குதோ, கடைசி வரைக்கும் அவ்வளவுதான் தம்பி. உங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கே யாராவது இத எனக்குச் சொல்லியிருக்கலாம்."

நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தினார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. எழுந்து, நேராக மேசையின் கோடிக்குப் போய், ஒரு பச்சைக் குவளையை மூடியால் மூடி அணைத்தார். குனிந்து பார்த்தேன். அடிக்கண்ணாடியில் தலைமயிரைவிட மெல்லிய ஒரு கீறல். என் கண்ணெதிரே அது நீண்டு, சூடான மெழுகு மேசையில் கசிந்தது. அத்தனை சுடர்களின் சளசளப்புக்குள் கண்ணாடி முனகியதை எப்படிக் கேட்டார்?

அரை விரற்கடை மெழுகு இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடு நேரே கண்ணாடியில் இறங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறது. யாரும் படிப்பதில்லை என்பதால் அண்ணி அதையும் தாண்டி எரித்துப் பார்க்கிறார். மற்றக் குவளைகள் தாங்கின; இது தாங்கவில்லை. கடைக்கு அனுப்பப் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது என்று, எட்டிப்பார்த்த பட்டறை முதலாளி முனகினார்.

"உங்க வீட்டு மேசையில வைப்பீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார் அண்ணி. பெட்டிகள் நின்றுவிட்டன.

பிறகுதான் அண்ணியின் முகம் வெளுத்தது.

"அத்தைக்குக் குடுத்தேனே தம்பி. இதே பச்சை."

அவருடைய அத்தை, என் அம்மா. நகரத்தின் மறுகோடியில் தனியாக இருக்கிறாள். பற்பசைக் குழாயைக்கூடக் கத்தரித்து வழித்தெடுப்பவள். அரை விரற்கடை மெழுகை விட்டுவைப்பாளா? மத்தியானம் நாற்காலியருகே அதை ஏற்றிவைத்துக் கண்ணயர்வது அவளுக்குச் சுகம்.

அண்ணி போன் போட்டார். எடுக்கவில்லை. மருமகள் நம்பரைப் பார்த்தால் அம்மா யோசித்துத்தான் எடுப்பாள் என்று என் போனிலிருந்து போட்டேன். ஒலிபெருக்கியில் மணி அடித்தது. வாங்க, ஓடலாம் என்று கதவைத் திறந்தேன்.

அண்ணி வரவில்லை. ஆளில்லாத அறையில் ஒரு சுடரையும் அவர் விட்டதில்லையாம். வெந்நீரில் விழுந்தவர் போலத் துடித்தார்; ஆனாலும் ஒவ்வொரு குவளையாக மூடிவைத்துக்கொண்டே வந்தார். நின்றுபோன அழைப்பை நான் மறுபடி போட்டேன். கடைசிச் சுடரும் அடங்கியது.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.