பன்சல் கொட்டகையின் பின்பக்கம்

இளவரசி தேநீரைத் தள்ளி வைத்தாள். மேலே மிதந்தது பாலாடை இல்லை, தூசி.

"குடிங்க மேடம்ஜி" என்று கச்சோரித் தட்டையும் நகர்த்தி வைத்தார் பன்சல். அந்தக் கொட்டகையின் முதலாளி. தட்டில் ஈ உட்கார்ந்திருந்தது. அவள் தொடவில்லை.

சேலத்துக்காரியான இளவரசி டில்லிக்கு வந்து பதினேழு வருஷமாகிறது, வீடு ஜனக்புரியில். பாலங்களுக்குப் போகும் இரும்பு உத்திரங்களைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. இரும்பில் துரு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் புதுப் பெயிண்ட் தோல் தோலாக உரிந்துவிடும். அதனால் கம்ப்ரஸர் காற்றோடு பொடித் துகள்களைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடிப்பார்கள். துகள் மோதி மோதித் துரு பறந்து, இரும்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகும். பெயிண்ட் பிடிப்பது அந்தச் சொரசொரப்பில்தான். கண்ணாடிக் கதவில் பூப்போடுவதும், கல்லில் பேர் பொறிப்பதும், புது ஜீன்ஸைப் பழசாக்குவதும் இதே வித்தைதான். எல்லாரும் சாண்ட் பிளாஸ்டிங் என்று சொன்னாலும், இந்த ஒப்பந்தத்தில் மணல் கூடாது, எஃகுத் துகள்தான் அடிக்கவேண்டும் என்றே எழுதியிருந்தது. மணல் உடைந்து மாவாகி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தால், பிறகு எந்த மருந்துக்கும் வெளியே வராது.

முன்பக்கம் எஃகுத் துகள் மூட்டைகள் சுவர்போல அடுக்கியிருந்தன. உத்திரங்களைச் சோதித்தாள். குறையே இல்லை.

"கழிப்பறை எங்கே?"

பன்சலின் முகம் மாறியது. "பூட்டியிருக்கு மேடம்ஜி. சாவி இல்லை."

அவள் பின்பக்கமாக நடந்தாள். மூத்திர நாற்றம் மூக்கைத் துளைத்தது. தார்ப்பாய் மறைப்புக்குப் பக்கத்தில் மணல் குவிந்து கிடந்தது. நாய்கள் அசிங்கம் பண்ணிவைத்திருந்தன. அந்த மணலைத்தான் ஒருவன் வாரி இயந்திரத்தில் கொட்டிக்கொண்டிருந்தான். தார்ப்பாய்க்குள் வெள்ளைத் தூசி மூட்டம். அதற்குள் முகத்தில் ஈரத்துண்டைச் சுற்றிய ஆள் ஒருவர், கையில் குழாயோடு.

ஆணியில் ஒரு தலைக்கவசம் தொங்கியது. உள்ளே கைவிட்டவள் சட்டென்று உருவிக்கொண்டாள். பல பேர் வியர்வையும் எச்சிலும் காய்ந்த பிசுபிசுப்பு, கைனிப் புகையிலை நாற்றம். அதற்குக் காற்று வரவேண்டிய குழாய் பாதியில் அறுந்து கிடந்தது.

மணல் பீய்ச்சிய குழாய் நின்றது. அந்த ஆள் குனிந்து இருமினார். "அய்யோ, அம்மா" என்றார்.

"தமிழா நீங்க?"

"ஆமாங்க மேடம். வடிவேல். கள்ளக்குறிச்சிப் பக்கம்."

"எத்தனை நாளா இந்த இருமல்?"

"ரெண்டு வருசமா இருக்கு. டி.பி.ன்னு ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க. கேக்கலை." சளியைத் துப்பினார். சாம்பல் நிறமாக இருந்தது. "எழுதிடாதீங்கக்கா. இதை மூடிட்டா நான் எங்க போவேன்?"

இந்தக் கொட்டகைக்கு இதற்கு முன் நான்கு தடவை அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். நான்கு தடவையும் முன்பக்கத்தோடு திரும்பியிருந்தாள், கழுத்தில் தன்னுடைய நல்ல முகக்கவசத்தோடு. பன்சலைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது தன் மேலேயே திரும்பியது. கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தாள்: மணல், கவசம், குழாயோடு வடிவேல்.

"அரே மேடம்ஜி, பெயிண்ட் ஒட்டணும், அவ்வளவுதானே?" பின்னால் ஓடிவந்த பன்சல் சிரித்தார். பற்களில் பான் கறை. "இரும்பு பாஸாயிடுச்சுதானே? ஆளுங்களை ஏன் பாக்கறீங்க?"

அவள் அறுந்த காற்றுக் குழாயையும் படம் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவளுடைய மேலாளர் சுரேஷ்குமார் போனில் கத்தினார். "மேற்பரப்பு சரியா இருக்குன்னா அதோட விடேம்மா. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"மணல் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு சார். நான் எழுதறது எழுதறதுதான்."

அவள் எழுதியதால் அந்த உத்திரங்களைப் பாலத்துக்கு ஏற்கவில்லை. மறுவாரமே வடிவேலுக்கு வேலை போயிற்று. அவர் பயந்தபடியே நடந்தது. இளவரசியே அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்த மருத்துவர், "இது டி.பி. இல்லை. கல்தூசி. இரண்டு நுரையீரலிலும்" என்றார். வடிவேலுக்கு வயது முப்பத்துநான்கு.

நஷ்டஈடு கேட்டுப் போன தொழிலாளர் அலுவலகத்தில் பன்சல் கைகூப்பி, கண் கலங்கச் சொன்னார்: "இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை." இளவரசி படத்தை நீட்டினாள். பன்சல் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நஷ்டஈடு வர ஒன்றரை வருஷம் பிடித்தது. அதற்குள் பன்சல் தன் மனைவி பெயரில் இன்னொரு கொட்டகை திறந்துவிட்டார்.

டில்லி முனிர்காவில் தன் மூன்றாவது மாடி அறைக்கு ஏறுவதற்குள் வடிவேல் நான்கு இடத்தில் உட்காருகிறார். மாதம் ஒருமுறை இளவரசி போய்ப் பார்க்கிறாள். "எழுதினது நல்லதுதான்கா" என்று ஒருநாள் சொன்னார். அவளுக்கு ஆறுதலாக இல்லை. முதல் கையெழுத்தின்போதே பின்பக்கம் நாலடி நடந்திருந்தால்?

இப்போதெல்லாம் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் முதலில் பின்பக்கம்தான் போகிறாள். ஒப்பந்தக்காரர்கள் அவளுக்குப் 'பிச்வாடே வாலி' என்று பேர் வைத்திருக்கிறார்கள், பின்பக்கத்துக்காரி என்று. அந்த இந்திச் சொல்லுக்குப் புட்டம் என்றும் பொருள் உண்டு; அந்த ஆபாசமும், அதைச் சொல்லிவிட்டு அவர்கள் சிரிக்கிற சிரிப்பும் அவளுக்குத் தெரியும். காதில் விழும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. ஆனாலும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்க்கிறாள்.