அதெலினோ பார்த்த லிஸ்பன்

லிஸ்பனில் பதினோரு வருஷம் டிராம் ஓட்டியவர் அதெலினோ. பிறகு அமெரிக்காவுக்குப் போய்ச் சிமென்ட் வேலையில் தோள் தேய்ந்தார். அங்கே கட்டிக்கொண்ட கிராசாவிடமும், பிறந்த மகள் சுசானாவிடமும் லிஸ்பன் மாதிரி ஊர் உலகத்திலேயே கிடையாது என்று சொல்லிச் சொல்லியே காதைப் புளிக்க வைத்தார். கடைசியில் இருவரையும் கூட்டி வந்தால், தான் ஓட்டிய டிராமில் ஏறவே வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசை. கால் கடுத்துப்போனது.

ஒருவழியாக ஏறியதும் ஜன்னலோரம் சுசானா. "அப்பா, அந்த நீல ஓடு பதிச்ச வீடு யாரோடது?"

"தெரியலைம்மா."

"அந்தச் சிலை?"

"அதுவும் தெரியாது."

"உங்கப்பா இந்த ஊர்லதான் இருந்தாரான்னு டிரைவர்கிட்ட கேளுடி," என்றாள் கிராசா.

வளைவில் அதெலினோவின் கால், டிராம் ஓட்டும்போது மிதித்து அடித்த, இப்போது அங்கே இல்லாத மணியை மிதித்தது. "ஓட்டுறப்பல்லாம் குறுக்க எவன் வண்டிய நிறுத்தியிருக்கான்னு தண்டவாளத்தத்தான் பாத்துட்டிருந்தேன்," என்றார் சலிப்பாக. "தலையத் தூக்க எங்க நேரம்?"

சுசானா எழுந்து தன் இடத்தை அவருக்குக் கொடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தும் அவர் கழுத்தை எக்கி, டிரைவரின் தோளுக்கு மேலாகத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.